கையெழுத்துக்குப் பதில் கற்பூரம்

கதிருக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். அதனால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பெண் வீட்டுக்கு வேறு சொல்லிவிட்டாயாம். இங்கே நம் கல்லூரியில் உனக்கு நிரந்தர வேலை, புதன்கிழமை ஊருக்கு வந்துவிடுவாய், உன் அசல் சான்றிதழ்களை மட்டும் நான் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் திங்கட்கிழமையே ஆபீஸில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றாய். அதோடு இன்னொன்றும் சொன்னாய். "அந்தக் கையெழுத்து விஷயத்த விட்டுடும்மா. எனக்காக." எனக்காக என்று நீ கடைசியாகக் கேட்டது பன்னிரண்டாம் வகுப்பில், கிரிக்கெட் மட்டைக்காக. வாங்கிக் கொடுத்தேன். இதற்கு மட்டும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

உனக்கு எழுதுகிறேனே தவிர, இது ஒளித்துவைக்கும் கடிதம் இல்லை. அனுப்புவதற்கு முன் இதைப் படம் எடுத்து எங்கள் ஆசிரியர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். அங்கே எல்லோரும் படிப்பார்கள், ஒருவரும் படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். நீலக் குறி விழாமல் படிப்பதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கும் மேதைகள் அவர்கள். அந்த மூளையில் கால்வாசியைப் பேச்சுவார்த்தை மேஜையில் செலவழித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

அசல் சான்றிதழ் என்றால் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. உனக்கும் முழுதாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நம் கல்லூரியில் ஆசிரியராகச் சேருகிறவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி வாங்கிய பட்டம் வரைக்கும் எல்லா அசலையும் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். சரிபார்த்துத் திருப்பித் தருவதற்காக இல்லை, அவர்கள் பீரோவிலேயே வைத்துப் பூட்டிக்கொள்வதற்காக. நடுவில் வேறு வேலை கிடைத்து ஓடிவிடக் கூடாதாம். ஆட்டுக்குக் கழுத்தில் கயிறு, வாத்தியாருக்கு பீரோவில் பட்டம். நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த அன்று ஒரு பச்சை ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். வரும் மே மாதம் ஓய்வு பெறப் போகிறேன், அந்தப் பச்சை ஃபைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு அரசுக் கல்லூரி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாபகம் இருக்காது. உன் அப்பா கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே மண் காலோடு மொபெட்டில் வந்து, என்னைத் தாளாளர் வீட்டுக்கு அழைத்துப்போனார். இப்போதைய தாளாளரின் அப்பா, பெரியவர் என்று எல்லோரும் சொல்வார்களே, அவர்தான் அப்போது. நெற்றி நிறைய விபூதியோடு சிரித்தபடி, "அதுக்கு இன்னாம்மா, தாராளமா வாங்கிக்கோ. பௌர்ணமி முடியட்டும்" என்றார். பௌர்ணமி முடிந்தது. கணக்குப்பிள்ளை லீவு என்றார்கள். கணக்குப்பிள்ளை வந்தார், சாவி இல்லை என்றார்கள். சாவி வந்தபோது நாள் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் நானும் அப்பாவும் சாப்பிடவில்லை. நீ மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏன் அழுகிறாய் என்று கேட்டாய், வெங்காயம் என்று சொன்னேன். அந்த வருஷம் தீபாவளிக்குப் பெரியவர் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தார். எல்லோரும் குனிந்து வாங்கிக்கொண்டு நன்றி ஐயா என்றோம். அந்த மைசூர்பாகை நினைத்தால் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

இப்போது சங்கத்தின் கதைக்கு வருகிறேன். சங்கம் ஆரம்பித்த இடத்தைக் கேட்டால் சிரிப்பாய். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு டீ குடிக்கும் கடை ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே. நிர்வாகத்தின் சொந்தக்காரன் எவனும் அந்த விலை கொடுத்து டீ குடிக்க வர மாட்டான் என்பதுதான் காரணம். வணிகவியல் தனசேகர் தலைவர், நான் செயலாளர். தனசேகர் அங்கே பேசிய பேச்சைக் கேட்டால் மலையே இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது. கேட்டது அதிகம் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடு. மே மாதத்துக்கும் சம்பளம் கொடு, மே மாதத்தில் எங்களுக்கு வயிறு இல்லாமல் போவதில்லை. பிரசவத்துக்குப் போகிற பெண்ணை ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பாதே. கோடையில் ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளைகளைப் பிடித்துவரச் சொல்லாதே. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் நீ போடும் அன்னதானப் பந்தலில் ஆசிரியர்களைக் கரண்டி பிடிக்க வைக்காதே. இவ்வளவுதான்.

பேச்சுவார்த்தை கல்லூரிக் கூட்ட அறையில் நடந்தது. அவர்கள் பக்கம் மெத்தை நாற்காலி, எங்கள் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. முதல் நாள் கடவுள் வாழ்த்தே அரை மணி நேரம் பாடினார்கள். தாளாளர் பூஜை முடித்து வந்து உட்கார்ந்து, "இது நிர்வாகம், அது சங்கம்னு பிரிச்சிப் பேசறதே எனக்கு வருத்தமா இருக்கு. நாம எல்லாம் ஒரு குடும்பம்" என்றார். எந்தக் குடும்பத்தில் மூத்தவன் மற்றவர்களின் படிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறான் என்று கேட்டேன். முதல்வர் இருமினார். அந்த மனிதர் இருமுவதைத் தவிர அந்த அறையில் வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. பிரசவ விடுப்பைப் பற்றிப் பேசியபோது தாளாளர், "பொம்பளைங்களுக்கு வீட்ல ரெஸ்ட் வேணுமேனுதான் ராஜினாமா வாங்கறோம்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனாலும் விடாமல் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். கடைசி நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

கையெழுத்து மட்டும் பாக்கி. "நல்ல காரியம். நல்ல நாள்ல பண்ணுவோம். வர்ற பௌர்ணமிக்கு மலை பார்க்க, நம்ம பந்தல்லயே போட்டுடலாம்" என்றார். பௌர்ணமி என்றதும் எனக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது. சங்கத்தில் சொன்னேன், இன்றைக்கே வாங்குவோம் என்று. "இவ்ளோ நாள் பொறுத்தோம், ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா மேடம்? ஜாஸ்தி அவசரப்படுறீங்க" என்றார் தனசேகர். சரி என்று நானே உட்கார்ந்து பத்திரத்தாளில் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து, எங்கள் பக்கம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

முந்தாநாள் பௌர்ணமி. அடி அண்ணாமலையில் பந்தல். மலையைவிடப் பெரிதாகத் தாளாளர் படம் போட்ட பேனர். அதன் கீழே வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் சாம்பார் சாதம் கிளற, கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள் தொன்னை நீட்டிக்கொண்டிருந்தாள். இனி இந்த வேலை இல்லை என்று கையெழுத்துப் போடப்போகும் நாளில்கூட இந்த வேலையைச் செய்துகொண்டே காத்திருந்தார்கள், அவ்வளவு பழக்கம். நிலா ஏறும் நேரத்துக்குத் தாளாளர் வெறுங்காலோடு, உருத்திராட்சத்தோடு, முன்னும் பின்னும் ஆட்களோடு கிரிவலம் வந்து சேர்ந்தார். நான் பத்திரத்தையும் பேனாவையும் நீட்டினேன். பத்திரத்தை வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், பக்கத்திலிருந்த உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். பேனா என் கையிலேயே இருந்தது.

பிறகு ஒரு தட்டு வந்தது. கட்டிக் கற்பூரம். மலையைப் பார்த்து நின்று கொளுத்தினார். "அண்ணாமலையார் சாட்சியா சொல்றேன். என் ஆசிரியர்கள் கேட்ட அத்தனையும் உண்டு. அவங்க சர்டிபிகேட் அவங்க கைக்கு வரும். மலை முன்னாடி சொல்லிட்டேன், இதுக்கு மேல ஒரு பேப்பர் வேணுமா?" என்றார். போகிற வருகிற கூட்டம் விஷயம் என்னவென்றே தெரியாமல் அண்ணாமலைக்கு அரோகரா என்றது. எங்கள் சங்கமும் அரோகரா என்றது. தனசேகர் கண்ணில் தண்ணீர். ஒருவர் பின் ஒருவராகத் தட்டில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒப்பந்தச் சட்டம் பாடம் நடத்துகிறவர் அந்தத் தனசேகர், தெரியுமா கதிர்? எழுத்தில் இல்லாத வாக்கை எப்படி நிரூபிப்பது என்று வருஷா வருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் குறைக்கிறவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் கேட்டேன். "ஐயா, கையெழுத்து?"

தாளாளர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது எங்கள் ஆட்கள்தான். "சாமி முன்னாடி போய்ப் பேனாவை நீட்டறீங்களே மேடம், நல்லாவா இருக்கு?" என்று தனசேகர் பல்லைக் கடித்தார். தொன்னை நீட்டிக்கொண்டிருந்த கணித டாக்டர், "உங்களுக்கு நம்பிக்கை இல்லாம இருக்கலாம், எங்களுக்கு இருக்கு" என்றாள். போன வருஷம் பிரசவத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து, புதிதாகச் சேருகிறவளுக்கான ஆரம்பச் சம்பளத்தில் சேர்ந்தவள் அவள். எனக்கா நம்பிக்கை இல்லை? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த மலையைச் சுற்றியவள் நான். அண்ணாமலையாரை நம்புகிறேன், அதனால்தான் அவரை இந்த அழுக்கு வேலைக்கு இழுக்காதே என்கிறேன். நாளைக்கு இவன் இல்லை என்று சொன்னால் அவருக்குச் சம்மன் அனுப்பி எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? உண்மையில் கொடுக்க நினைக்கிறவன் கற்பூரமும் கொளுத்துவான், கையெழுத்தும் போடுவான். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று எந்தச் சாமி சொன்னது?

அப்போதுதான் தாளாளர் என் பக்கம் திரும்பினார். தேன் ஒழுகும் குரல். "மேடம் பாவம், ரிட்டயர் ஆகற நேரம், டென்ஷன். உங்க பையன் கதிர் கோயம்புத்தூர்ல டெம்பரவரியாதானே இருக்கான்? நம்ம காலேஜ்லயே பர்மனெண்ட்டா போட்டுடலாம். திங்கக்கிழமை அவன் ஒரிஜினல் எல்லாம் கொண்டாந்து ஆபீஸ்ல குடுத்துடச் சொல்லுங்க."

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார். ஒரிஜினலைத் திருப்பித் தருகிறேன் என்று மலை முன்னால் சத்தியம் செய்த வாய். தட்டில் கற்பூரம் இன்னும் அணையவில்லை. அந்தச் சூட்டிலேயே அடுத்த ஒரிஜினலைக் கேட்கிறது. சுற்றி நின்ற அத்தனை படித்த மண்டைகளில் ஒன்றுக்காவது உறைத்ததா? "சூப்பர் மேடம், வாழ்த்துகள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார் தனசேகர். கற்பூரக் கரி அவர் கையிலிருந்து என் கைக்கு ஒட்டியது.

நேற்றுக் காலை நேராக ஆபீஸுக்குப் போய் என் பச்சை ஃபைலைக் கேட்டேன். சத்தியம் உண்மையாகவே இருந்துவிட்டால் நான் தனசேகரிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனேன். கண்காணிப்பாளர் நல்ல மாதிரி மனிதர், உட்காரச் சொன்னார். "நேத்து ஐயா சத்தியம் பண்ணதை நானும் கேட்டேன் மேடம். ஆனா வாயால சொன்னதை வச்சி நான் எப்படிங்க பீரோவைத் திறக்கிறது? ஐயா கையெழுத்துப் போட்டு ஒரு ஆர்டர் வரட்டும், அடுத்த நிமிஷம் குடுத்துடறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கற்பூரத்தை நம்பக் கூடாது என்று அந்த நிர்வாகத்தின் ஆபீஸுக்கே தெரிந்திருக்கிறது, சங்கத்துக்குத்தான் தெரியவில்லை. தாளாளர் உதவியாளருக்குப் போன் போட்டு, பத்திரம் எங்கே என்று கேட்டேன். "கதிர் சார் மொதல்ல ஜாயின் பண்ணட்டும் மேடம், மத்ததெல்லாம் அப்புறம் பொறுமையா பேசிக்கலாம்" என்றான். தனசேகரிடம் சொன்னேன். "கதிருக்கு வேலை வருதில்ல, நீங்க ஏன் மேடம் கிளறிக்கிட்டே இருக்கீங்க?" என்றார். அதற்கப்புறம்தான், நான் ஒன்றும் சொல்லாமலே, உன் போன் வந்தது. "விட்டுடும்மா. எனக்காக." தாளாளர், உதவியாளன், சங்கத் தலைவர், இப்போது என் வயிற்றில் பிறந்தவன். நாலு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அதை யார் எழுதிக் கொடுத்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

உனக்கு வேலை கொடுப்பது உன் படிப்பைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ எந்தப் பாடத்தில் டாக்டர் பட்டம் வாங்கினாய் என்றுகூட அந்த ஆள் கேட்கவில்லை. என் வாய்க்குப் போடும் பூட்டுக்கு உன் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். தாளாளர்மேல்கூட இவ்வளவு கோபம் இல்லை. அவன் செய்வது அவன் தொழில். வாங்குகிற இடத்தில் கை கட்டுவதும், கேட்கிற இடத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் நம் ஆட்களின் தொழில். நீ எதற்கு அந்தத் தொழிலுக்கு வருகிறாய்? பயமாக இருக்கிறது என்று சொல், புரிந்துகொள்வேன். பெண்ணின் அப்பா நிரந்தர வேலை கேட்கிறார் என்று சொல், நானே போய் அவரிடம் பேசுகிறேன். உள்ளூரில் கட்டிப்போட்ட மாப்பிள்ளைதான் வேண்டும் என்றால் அவர் கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போய் ஒரு காளை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் "எனக்காக" என்று சொல்லாதே. உனக்காக என்று எதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. "இன்னா பெரிய கையெழுத்து? புள்ள வூட்டோட இருந்தா போதும் எனக்கு" என்றார் ஒரே ஒரு முறை. அவருக்கு நீ வேண்டும். எனக்கும் நீ வேண்டும். காலையில் நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு டிபனுக்கு உட்காருவதைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உன் அறையில் இப்போதும் வாரத்துக்கு ஒருநாள் போர்வை மாற்றுகிறேன், யாரும் படுக்காத போர்வையை. ஆனால் நீ இங்கே வந்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தப் பேனர் அடியில் கரண்டியோடு நிற்பதைப் பார்க்கிற அளவுக்கு எனக்கு ஆசை இல்லை. அதைவிட அந்தப் போர்வை காலியாகவே கிடக்கட்டும்.

ஆகவே திங்கட்கிழமை நான் ஆபீஸுக்குப் போவேன், உன் சான்றிதழ்களோடு இல்லை. ஒப்பந்தத்தின் இன்னொரு நகலோடு. தாளாளர் வரும்வரை ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க்கிழமையும் போவேன். என் வகுப்பை ஒன்றுகூட விடாமல், மற்ற நேரம் முழுக்க அங்கேதான். சங்கத்தில் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் அந்த நாற்காலிகள் எங்கும் ஓடிவிடாது.

இந்தக் கவரில் கடிதத்தோடு உன் அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வைத்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். எடுத்துப் பார்த்துக்கொள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் அதை வாங்கி வந்த அன்றே நீ கொட்டிய ஹார்லிக்ஸ் கறைகூட இருக்கும். அதைக் கொண்டுபோய் அந்தப் பீரோவில் வைக்க வேண்டும் என்று உனக்கு இன்னும் தோன்றினால் நீயே கொண்டுவந்து உன் கையால் கொடு. நான் தடுக்க மாட்டேன். அதே வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன், என்னைத் தாண்டித்தான் நீ உள்ளே போக வேண்டியிருக்கும். இனி உன்னுடையது உன் கையில் இருக்கிறது. என்னுடையது இன்னும் அவன் பீரோவில் இருக்கிறது.

இரண்டையும் பார்த்துவிட்டு இப்போது சொல்லுடா, விட்டுடட்டுமா?

அம்மா